பழைய பதவியைக் கேளுங்கள், பழைய அதிகாரத்தை அல்ல

கேள்வி: துணை மின் நிலையங்களில் ரிலே (மின்கோளாறைக் கண்டறிந்து லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) டெஸ்டிங் டெக்னீஷியனாக 8 வருடம் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்தபோது விடுப்பில் வந்தேன். அதன் பிறகு அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் திரும்பிப் போகவே முடியவில்லை. 7 வருடம் ஓடிவிட்டது. இப்போது இரண்டு இடங்களில் கூப்பிடுகிறார்கள். ஒரு நிறுவனம் உதவி டெக்னீஷியன் என்று கீழ்நிலைப் பதவி தருகிறது. ஆறு மாதம் ஒரு சீனியருடன் போக வேண்டுமாம். இன்னொரு நிறுவனம் என் பழைய பதவியையே தருகிறது. ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து பிரேக்டவுன் அழைப்புகளுக்கு நான் தனியாகப் போக வேண்டும். மனம் இரண்டாவதைத்தான் விரும்புகிறது. கூட வேலை பார்த்த ஒருவர், "நீ கத்துக்கிட்டதெல்லாம் பழசாயிடுச்சு, இப்போ எல்லாமே ஈதர்நெட் கேபிள்தான்" என்கிறார். எனக்குத் தெரிந்தது இனி எதற்கும் உதவாதா? எதைப் படித்துவிட்டுப் போவது? இடைவெளியை நேர்காணலில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு நிறுவனங்களும் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டி உங்கள் முன் வைத்திருக்கின்றன. பதவி ஒன்று, தனியாக வேலை செய்யும் அதிகாரம் இன்னொன்று. முதல் நிறுவனம் அதிகாரத்தைத் தள்ளிவைக்க நினைத்து, அதற்காகப் பதவியையும் சேர்த்துக் குறைக்கிறது. இரண்டாவது நிறுவனம் பதவியைக் கொடுத்துவிட்டோமே என்று அதிகாரத்தையும் உடனே உங்கள் தலையில் ஏற்றுகிறது. நீங்கள் இவற்றைப் பிரித்து வைத்துப் பேச வேண்டும். பதவியும் சம்பளமும் உங்கள் 8 வருட அறிவுக்கான மதிப்பு. அதைத் தயங்காமல் கேளுங்கள். தனியாக ஒரு பேயில் (நிலையத்தில் ஒரு லைனுக்கான உபகரணப் பகுதியில்) நின்று ஐசொலேஷன் (மின் தொடர்பைப் பிரித்தல்) எடுத்து, வேலை அனுமதிப் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டு, பிரேக்கரைத் திறக்கவைக்கும் டிரிப் சர்க்யூட்டில் கை வைக்கும் அதிகாரம் அப்படிப்பட்டதல்ல. அந்த நிலையத்தில், அந்த உபகரணத்தில், சமீபத்தில் வேலை செய்தவருக்குத்தான் அது உண்டு. இடைவெளி விழுந்தால் யாருக்கும் அது காலாவதியாகிவிடும். தலைமைப் பொறியாளராக இருந்தவருக்கும் இதே விதிதான். எனவே புதிதாக மதிப்பீடு செய்து தரச் சொல்லிக் கேட்பதில் உங்களுக்குக் குறைவு எதுவும் இல்லை.

தேர்வை எப்படிச் செய்வது என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் நண்பர் சொன்னது மனதில் முள்ளாகத் தைத்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் முதலில் அது.

அவர் சொல்வதில் பாதி சரி. கேபிள் மாறியிருக்கிறது. கேபிளில் ஓடும் தகவல் எதைப் பற்றியது என்பது மாறவில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கரண்ட் கூடக்கூட விரைவாக இயங்கும் ஐடிஎம்டி ரிலேயின் ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில், டைம் மல்டிப்ளையர் 1 என்று வைத்து, செட்டிங்கைப் போல 2 மடங்கு கரண்ட் கொடுத்தால் ரிலே ஏறத்தாழ 10 வினாடியில் இயங்க வேண்டும். 5 மடங்குக்கு 4.3 வினாடி. 10 மடங்குக்கு 3 வினாடிக்குச் சற்றுக் குறைவு. தட்டு சுற்றும் பழைய ரிலேயில் ஸ்டாப் வாட்சை வைத்து நீங்கள் சரிபார்த்த அதே எண்கள்தான். 1984-இல் முதல் டிஜிட்டல் ரிலே சந்தைக்கு வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த வளைவு இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களிடம் இப்போது ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்து, 5 மடங்கு கரண்டுக்கு 7 வினாடி என்று போட்டிருந்தால் உடனே கண்ணில் உறுத்தும் இல்லையா? மென்பொருளை மட்டும் பழகி வந்தவருக்கு, திரையில் பச்சை விளக்கு எரிந்தால் அது உறுத்தாமலே போகலாம்.

டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கக் கரண்ட்டையும் ஒப்பிடும் டிஃபரன்ஷியல் ரிலேயையும் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டா-ஸ்டார் இணைப்பில் வரும் 30 டிகிரி வித்தியாசத்தைச் சரிக்கட்ட முன்பு சி.டி.க்களையே (கரண்ட்டை அளக்க உதவும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களையே) மாற்றி இணைப்போம், அல்லது நடுவே இன்னொரு சி.டி. வைப்போம். இப்போது செட்டிங்கில் 11 என்று ஒரு எண்ணைப் போட்டால் ரிலேயே கணக்கில் சரிசெய்துகொள்கிறது. வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் அங்கே 1 என்று தவறாகப் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று வெக்டர் படத்தை வரைந்து சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அந்தப் படத்தை வரையத் தெரிந்தவர் நீங்கள்.

சி.டி. செகண்டரியைத் திறந்துவிடக் கூடாது என்பதும் மாறவில்லை. பிரைமரியில் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது செகண்டரி திறந்தால் ஆயிரக்கணக்கான வோல்ட் அங்கே எழும்பும் என்பதும் அப்படியே இருக்கிறது. உங்கள் கைக்கு இது ஏற்கெனவே தெரியும்.

உங்கள் நண்பர் சொல்வதற்கு வலுவான பதில், என் பார்வையில், இரண்டு பெரிய மின்தடைகளில் இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரக்கிளை உரசியது, கன்ட்ரோல் ரூம் கணினியின் எச்சரிக்கை அமைப்பு செயலிழந்தது என்று தொடக்கக் காரணங்கள் பல. ஆனால் தனித்தனியான தடைகள் சங்கிலியாக மாறிய இடம், ஒஹையோவில் சாமிஸ்–ஸ்டார் என்ற 345 கே.வி. லைன் டிரிப்பான கணம். அந்த லைனில் ஃபால்ட் (மின்கோளாறு) எதுவும் இல்லை. டிஸ்டன்ஸ் ரிலேயில், தூரத்து ஃபால்ட்டுகளைக் கவனிக்கும் மூன்றாவது ஸோன் இயங்கியது. 2012 ஜூலை 30 அதிகாலையில் இந்தியாவின் வடக்கு மின்கட்டமைப்பு முழுவதும் இருண்டதன் தொடக்கமும் இதே மாதிரிதான்: 400 கே.வி. பினா–குவாலியர் லைன், ஃபால்ட் இல்லாமலே, அதே மூன்றாவது ஸோனில் டிரிப்பானது.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிஸ்டன்ஸ் ரிலே வோல்ட்டேஜைக் கரண்டால் வகுத்துப் பார்க்கிறது. லோடு அளவுக்கு மீறி ஏறினால் கரண்ட் கூடும், வோல்ட்டேஜ் குறையும், வகுத்து வரும் எண் சுருங்கும். தூரத்தில் ஃபால்ட் என்று ரிலே நினைத்துக்கொள்ளும். இரண்டு இடங்களிலும் ரிலே பழுதாகவில்லை. செட்டிங் சொன்னதைத்தான் அது செய்தது. செகண்டரி இன்ஜெக்ஷன் (ரிலேக்குள் சோதனைக் கரண்ட் செலுத்துதல்) செய்து பார்த்திருந்தால் தேர்ச்சி பெற்றிருக்கும். செட்டிங் ஷீட்டில் இருப்பதுபோல் ரிலே இயங்குகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், இந்த லைனில் ஓடக்கூடிய அதிகபட்ச லோடுக்கு இந்தச் செட்டிங் ஒத்துவருமா என்று கேட்கும் டெக்னீஷியன் எந்தக் காலத்திலும் தேவை. அந்தக் கேள்விக்கு ஈதர்நெட் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

சரி, அவர் சொன்னதன் மற்ற பாதிக்கு வருகிறேன். ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த காலத்தில் ஒரு ரிலேயை டெஸ்ட் செய்வதற்கு முன் தனிமைப்படுத்துவது கண்ணால் பார்க்கக்கூடிய காரியமாக இருந்தது. டெஸ்ட் பிளாக்கில் பிளக்கைச் செருகுவீர்கள், சி.டி. ஷார்ட் ஆகும், டிரிப் வயர் பிரியும். பிரேக்கர் ஃபெயிலியருக்கு (ஒரு பிரேக்கர் திறக்காவிட்டால் மற்றவற்றைத் திறக்கும் பாதுகாப்புக்கு) போகும் லிங்க்கைத் திறப்பீர்கள். திறந்த லிங்க்கை எண்ணிப் பார்க்கலாம், டேப் ஒட்டலாம், போட்டோ எடுக்கலாம், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லலாம். 2000-களின் தொடக்கத்தில் வந்து, நீங்கள் இல்லாத ஆண்டுகளில் இன்னும் பரவலாகியிருக்கும் ஐஇசி 61850 என்ற தகவல்தொடர்புத் தர முறையில் கட்டிய நிலையங்களில் அந்த லிங்க்கே இல்லாமல் போகலாம். ஒரு ரிலே இன்னொரு ரிலேக்கு "டிரிப் செய்" என்று சொல்வது கூஸ் என்ற செய்தியாக நெட்வொர்க்கில் போகிறது. மிக அவசரமான செய்திகள் சில மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பிராசஸ் பஸ் உள்ள நிலையமாக இருந்தால் கரண்ட்டும் வோல்ட்டேஜும் கூடச் செம்புக் கம்பியில் வராது. யார்டிலேயே மெர்ஜிங் யூனிட் அவற்றை எண்களாக்கி, 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் வினாடிக்கு 4000 மாதிரிகள் வீதம் ஃபைபரில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இப்போது பழைய பழக்கத்தோடு ஒருவர் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பேயின் பிரேக்கர் திறந்திருக்கிறது, எர்த் போட்டாகிவிட்டது, டிரிப் வயரும் பிரிந்திருக்கிறது. இனி பயமில்லை என்று ரிலேக்குள் ஃபால்ட் கரண்ட்டைச் செலுத்துகிறார். ரிலே டிரிப் கொடுக்கிறது. கூடவே, "பிரேக்கர் ஃபெயிலியர் தொடங்கு" என்று பஸ்பாரின் (எல்லா லைன்களும் சேரும் பொதுக் கம்பியின்) பாதுகாப்பு ரிலேக்கு ஒரு கூஸ் செய்தியையும் அனுப்புகிறது. அது நெட்வொர்க்கில் போவது யார் கண்ணிலும் படாது. டெஸ்ட் கரண்ட் விடாமல் ஓடிக்கொண்டிருப்பதால், பிரேக்கர் திறக்கவில்லை என்று பஸ்பார் ரிலே முடிவு செய்கிறது. சில நூறு மில்லி வினாடியில் அந்தப் பஸ்ஸில் இருக்கும் எல்லா பிரேக்கர்களும் திறந்துவிடும். டெஸ்ட் செய்தவர் எதையும் தொடவில்லை, எதையும் கவனிக்காமலும் விடவில்லை. அவர் கற்றுக்கொண்ட பட்டியலில் இந்தப் பாதை இல்லை, அவ்வளவுதான்.

இதைத் தடுப்பதற்கான வழி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. ரிலேயை டெஸ்ட் நிலைக்கு மாற்றினால் அது அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் "இது சோதனை" என்ற குறி ஏறிவிடும். சாதாரண நிலையில் இருக்கும் மற்ற ரிலேக்கள் அந்தக் குறியைப் பார்த்து, செய்தியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். டெஸ்ட் நிலையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ரிலேயின் வெளியீட்டுக் கான்டாக்ட் இயங்கும். மற்றொன்றில் அதுவும் தடுக்கப்பட்டிருக்கும். இது தவிர, டெஸ்ட் கிட் அனுப்பும் போலி அளவுகளை நிஜ அளவுகளுக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளச் சொல்லும் சிமுலேஷன் நிலை என்று ஒன்று தனியாக இருக்கிறது. எந்த வேலைக்கு எந்த நிலை, எந்த வரிசையில் மாற்றுவது, எதிர்முனையில் இருக்கும் ரிலே அந்தக் குறியை மதிக்கும்படி கட்டமைக்கப்பட்டிருக்கிறதா, இதையெல்லாம் எப்படி உறுதி செய்வது? பழைய தயாரிப்பும் புதிய தயாரிப்பும் கலந்து நிற்கும் நிலையத்தில் பதில் ஒரே மாதிரி இருக்காது. இதைக் கையேட்டில் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த நிலையத்தைத் தெரிந்த ஒருவருடன் சேர்ந்து செய்தால்தான் கைக்கு வரும். இரண்டாவது மாதத்தில் தனியாகப் போகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற கேள்வி. முன்பு ஒரு ஃபீடரில் சோர்ஸ் பக்கம், லோடு பக்கம் என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. இன்று லோடு பக்கத்திலும் கூரை சோலார், பேட்டரி, காற்றாலை எல்லாம் இருக்கலாம். திறந்த பிரேக்கரின் "செத்த" பக்கம் செத்திருக்கும் என்று எண்ணிக்கொள்ள இடமே இல்லை. பிரித்து, பூட்டி, வோல்ட்டேஜ் இல்லை என்று சோதித்து, எர்த் போட்டு, பக்கத்தில் உயிரோடு இருக்கும் பகுதிகளை மறைத்துக் கட்டிய பிறகே வேலை என்ற ஐந்து படிகள் உங்களுக்குப் பாடம். அவற்றில் மூன்றாவது படிக்கு இப்போது கனம் கூடிவிட்டது. டெஸ்டரை உயிருள்ள இடத்தில் சரிபார்த்து, வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மறுபடி உயிருள்ள இடத்தில் சரிபார்க்கும் வரிசையை அவசரத்தில் சுருக்கவே கூடாது.

சோலார் பண்ணையிலோ பேட்டரி நிலையத்திலோ வேலை வந்தால் இன்னொன்றும் சேரும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. பெரிய பண்ணைகளில் தொடராக இணைத்த பேனல்களின் ஒரு சரம் 1500 வோல்ட் டி.சி. வரை போகிறது. டி.சி. ஆர்க்குக்கு ஏ.சி.யைப் போல இயல்பாகப் பூஜ்யத்தைத் தொடும் கணம் கிடையாது, அதனால் எளிதில் அணையாது. பேட்டரி செல்லை யாராலும் உயிரற்றதாக்க முடியாது. ஏ.சி.யில் 8 வருடம் பழகிய கை, இந்த இடத்தில் புதிய கைதான்.

ரிலேக்காரர் என்ற முறையில் உங்களுக்கு ஆர்வம் தரக்கூடிய ஒன்றும் இதில் உண்டு. சுழலும் ஜெனரேட்டர், ஃபால்ட் நேரத்தில் தன் சாதாரணக் கரண்ட்டைப் போலப் பல மடங்கு கொடுக்கும். இன்வெர்ட்டர் பெரும்பாலும் 1.1 முதல் 1.5 மடங்கோடு நின்றுவிடும். அதுவும் எந்தக் கோணத்தில் கொடுக்கும் என்பதை உள்ளே இருக்கும் மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. ஓவர் கரண்ட் ரிலேக்கு ஃபால்ட்டும் லோடும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். நெகட்டிவ் சீக்வென்ஸை (மூன்று பேஸ்களின் சமநிலை குலைவதைக் காட்டும் அளவை) நம்பித் திசையை முடிவு செய்யும் ரிலே குழம்பிப்போகும். ரிலே பாதுகாப்புத் துறையில் இன்று எல்லோருமே, 30 வருடம் இடைவிடாமல் இருந்தவர்கள் உட்பட, புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும் பகுதி இது. இங்கே நீங்கள் பின்தங்கியிருப்பதாக நினைக்கவே வேண்டாம். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருண்டபோது, வோல்ட்டேஜ் ஏறி ஏறி மின் நிலையங்கள் அடுத்தடுத்துக் கழன்றுகொண்டன. ஐரோப்பிய மின்கட்டமைப்பு இயக்குநர்களின் கூட்டமைப்பு அதைப் பற்றி வெளியிட்ட அறிக்கை பொதுவெளியில் கிடைக்கிறது. வேலைக்குச் சேருமுன் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பழைய அறிவு எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்று வரிக்கு வரி தெரியும்.

மற்ற மாற்றங்கள் சுருக்கமாக. உங்கள் லேப்டாப்பையோ பென்டிரைவையோ ரிலேயில் செருக இனி விட மாட்டார்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஊடுருவல்காரர்கள் மின் விநியோக நிறுவனங்களின் கணினிகள் வழியே பிரேக்கர்களைத் திறந்து, ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தை நிறுத்திய பிறகு பல நாடுகளில் கட்டுப்பாடு இறுகிவிட்டது. அந்த நாளில் ஊழியர்கள் துணை மின் நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டுத்தான் மின்சாரத்தை மீட்டார்கள் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். ஸ்விட்ச்கியரில் மின்காப்பாக நிரப்பும் எஸ்.எஃப்.6 வாயுவைப் பற்றிய கெடுபிடியும் கூடியிருக்கிறது. ஒரு கிலோ வெளியே போனால் 24 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால் பதிவேடு, தனிப் பயிற்சி எல்லாம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 கே.வி. வரையிலான புதிய ஸ்விட்ச்கியரில் 2026 தொடக்கத்திலிருந்து அதற்குத் தடை வந்துவிட்டது. ஆர்க் ஃப்ளாஷ் (மின்பொறி வெடிப்பு) கணக்கீட்டு முறையும் 2018-இல் திருத்தப்பட்டது. பேனல் கதவில் ஒட்டியிருக்கும் கலோரி எண்ணைப் படித்து அதற்கேற்ற உடுப்பைப் போட வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரியிலேயே தோல் கொப்பளிக்கத் தொடங்கும் என்பதை வைத்துத்தான் அந்த எண்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பியவர்கள் பலருக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அவர்கள் தத்துவத்தில் தடுமாறி நான் பார்த்ததில்லை. தடுமாறுவது வேலையின் கடைசிக் கால்மணி நேரத்தில். டெஸ்ட் முடிந்துவிட்டது, முடிவு நன்றாக வந்திருக்கிறது, மனம் வீட்டுக்குப் போய்விட்டது. அப்போதுதான் ஒரு லிங்க் திறந்தபடியே நின்றுவிடும். டெஸ்டுக்காக மாற்றிய செட்டிங் பழையபடி ஏறாது. ரிலே டெஸ்ட் நிலையிலேயே இருந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பேனல் ஆரோக்கியமாகத் தெரியும். ஃபால்ட் வரும் நாளில்தான் டிரிப் போகவில்லை என்பது தெரியும். தொடர்ந்து வேலையில் இருப்பவருக்கு மீட்டமைக்கும் வரிசை கையோடு ஓடும். இடைவெளி விட்டவருக்கு முதலில் உதிர்ந்துபோவது அதுதான். ஆகவே முதல் சில மாதங்கள் உங்கள் கைக்குறிப்பில் "எடுத்தது" என்று ஒரு பத்தி, "திருப்பி வைத்தது" என்று எதிரே ஒரு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்டுக்கு முன்பு இருந்த செட்டிங் கோப்பையும் முடித்த பின் இருக்கும் கோப்பையும் மென்பொருளிலேயே ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்ற பக்கத்தை ரிப்போர்ட்டோடு இணையுங்கள். கன்ட்ரோல் ரூமுடன் பேசும்போது கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி வாங்கும் பழக்கத்தையும் முதல் நாளே மறுபடி தொடங்கிவிடுங்கள். ஏழு வருடம் வேறு மாதிரி பேசிப் பழகிய நாக்குக்கு அது முதலில் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கும்.

எதைப் படிப்பது என்று கேட்டீர்கள். பாடநூலைப் புரட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ரிலேக்கள் பதிவு செய்யும் ஃபால்ட் பதிவுகள் காம்ட்ரேட் என்ற பொது வடிவத்தில் இருக்கும். அவற்றைத் திறந்து பார்க்க இலவச மென்பொருள்கள் உண்டு. மாதிரிப் பதிவுகள் சிலவற்றைத் திறந்து, எந்தப் பேஸில் ஃபால்ட், எப்போது டிரிப் போனது, பிரேக்கர் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். ஒரே வாரத்தில் பழைய கண் திரும்பிவிடும். அப்புறம், நிறுவனம் பயன்படுத்தும் ரிலேயின் கையேட்டை வாங்கி, ரிலேயின் ப்ரொடெக்ஷன் செயல்பாடுகளை விளக்கும் அத்தியாயங்களை விட்டுவிட்டு, டெஸ்ட் நிலை பற்றிய அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் கூஸ் செய்தி எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனைக் குறி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நெட்வொர்க் படிப்பு முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஸ்விட்ச், ஐபி முகவரி, விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது), நேர ஒத்திசைவு, இந்த நான்கும் என்ன என்று தெரிந்தால் தொடங்கப் போதும்.

இடைவெளியைப் பற்றி: ஒரு வாக்கியம் போதும். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை, குடும்பப் பராமரிப்புக்காக. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். நீங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டீர்கள், அதை யாரிடமும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: "என் அங்கீகாரம் காலாவதியாகிவிட்டது என்பது தெரியும்; புதிதாக மதிப்பீடு செய்யும் முறை உங்களிடம் எப்படி?" தொழில் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தால், இந்தக் கேள்வி உங்கள் மதிப்பை உயர்த்தும். அவர் முகம் சுளித்தால் அந்த நிறுவனத்தைப் பற்றிய ஒரு முக்கியமான செய்தி உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

இனி தேர்வு. முதலில் இரண்டாவது நிறுவனத்திடம் போங்கள், ஏனென்றால் பதவி அங்கே இருக்கிறது. பதவியை ஏற்றுக்கொள்கிறேன், தனியாகப் போகும் தேதியை மட்டும் காலண்டரை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பதிலாக வேலைகளின் பட்டியல் கேளுங்கள்: இன்னின்ன வகை ரிலே டெஸ்டுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தது, மேற்பார்வையில் தானே செய்தது, ஐசொலேஷன் திட்டத்தைத் தானே எழுதி இன்னொருவர் சரிபார்த்தது. ஒவ்வொன்றிலும் அங்கீகாரம் பெற்ற ஒருவர் கையெழுத்து. எல்லாம் முடிந்த பிறகு தனிப் பொறுப்பு. சிலருக்கு நான்கு மாதம் ஆகும், சிலருக்கு எட்டு. இரவு பிரேக்டவுனைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கம், மழை, மின்சாரம் எப்போது வரும் என்று நச்சரிக்கும் தொலைபேசி, பழக்கமில்லாத நிலையம் எல்லாம் சேரும் நேரம் அது. தொடர்ந்து வேலையில் இருப்பவருக்கே கடினமானது. இதை அவர்கள் எழுத்தில் தந்தால் அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேருங்கள்" என்று பதில் வந்தால் வேண்டாம். வாய்மொழியாகச் சொன்னது, இரவு இரண்டு மணிக்கு ஆள் இல்லாதபோது நிற்காது.

அப்படியானால் முதல் நிறுவனம். ஆனால் அங்கேயும் உதவி டெக்னீஷியன் என்ற பெயரை அப்படியே விழுங்க வேண்டாம். ஆறு மாதம் சீனியருடன் போவதை முழு மனதோடு ஏற்கிறேன், அந்த மதிப்பீட்டில் தேறினால் என் பழைய பதவிநிலை என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். கூட வரும் சீனியர் உங்களைவிட வயதில் சிறியவராக இருக்கலாம், ஒருவேளை நீங்கள் விலகிய பிறகு தொழிலுக்கு வந்தவராக இருக்கலாம். அவரிடம் நெட்வொர்க்கைக் கற்றுக்கொள்ளுங்கள். வெக்டர் படத்தை அவர் உங்களிடம் கற்றுக்கொள்வார். இந்த ஏற்பாடு நன்றாக நடந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வேலையாக இருந்தாலும் கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பராமரிக்கும் நிலையங்களில் பிராசஸ் பஸ் உள்ளவை எவை? ரிலே கடவுச்சொற்களும் செட்டிங் கோப்புகளின் இறுதிப் பிரதியும் யார் பொறுப்பில் இருக்கின்றன? உங்கள் அளவுக்கு ஆர்க் உடுப்பும் ரப்பர் கையுறையும் இருக்கின்றனவா? மூன்றாவதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆண்களின் அளவில் தைத்த தளர்ந்த உடுப்பும், விரல் நுனியில் மடங்கும் கையுறையும் டெர்மினல் வேலையில் நேரடி ஆபத்து. வீட்டில் பழைய கையுறை, ஹெல்மெட், வோல்ட்டேஜ் டெஸ்டர் பத்திரமாக வைத்திருந்தால் அவற்றை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ரப்பர் கையுறையின் சோதனைச் சான்று மாதக் கணக்கில்தான் செல்லும். ஏழு வருடம் பெட்டியில் கிடந்த ரப்பர், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், நம்பத் தகுந்ததல்ல.

நேர்காணல் முடிந்ததும் எழுதுங்கள். பிராசஸ் பஸ் பற்றி அவர்கள் சொன்ன பதிலையும், எந்த ரிலேக்கள் வைத்திருக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டால், சேருவதற்கு முன்பான வாரங்களில் எந்த அத்தியாயங்களை, எந்த வரிசையில் படிப்பது என்று உங்களுக்கெனத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.